ஒழுகும் வீட்டுக்கு ஒழுக்கமான மேஸ்திரி

புயல் அடித்து ஓய்ந்ததும் ராயபுரத்தில் எல்லோரும் ஓட்டுக்கும் கீற்றுக்கும் அலைந்தார்கள். பரசுராமன் மட்டும் ஒரு யோக்கியனுக்காக அலைவது என்று முடிவு செய்தார். நடுவீட்டில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றபடி அந்த முடிவை மனைவி கன்னியம்மாவுக்கு அறிவித்தார்.

"மெட்ராஸ் பூரா சலிச்சாவது ஒரு யோக்கியமான மேஸ்திரியப் புடிச்சிக்கினு வரேன். அதுவரிக்கும் எவனும் என் கூரை மேல கால் வெக்கக் கூடாது."

கன்னியம்மா சொட்டுகிற இடம் பார்த்து அண்டாவை நகர்த்தி வைத்தாள்.

"ஒழுகறது வூடு. அதுக்கு ஒழுக்கமான ஆளு இன்னாத்துக்குய்யா? ஓடு மாத்தத் தெரிஞ்சவன் போதும்."

பரசுராமன் குடையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். மனிதர்களை எடைபோடுகிற விஷயத்தில் வீட்டில் யோசனை கேட்கும் வழக்கம் அவருக்கு இல்லை. துறைமுகத்தில் அவர் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளை எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். நடுவில் ஒன்று காணாமல் போனால் கண்டுபிடிக்க வேண்டும். வருஷக்கணக்காக இதைச் செய்ததில், ஒருவன் நடக்கிற நடையிலேயே அவன் திருடனா இல்லையா என்று சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை அவருக்கு வந்துவிட்டது. தெருவில் அதை யாரும் மறுத்துப் பேசுவதில்லை. மறுத்தால் அவர் சர்க்கரை மூட்டைத் திருடனைப் பிடித்த கதையை முதலிலிருந்து கேட்க வேண்டியிருக்கும்.

வீடு அவருடைய அப்பா கட்டியது. சீமை ஓடு போட்ட வீடு. துறைமுகத்துச் சிநேகிதர் ஒருவர் விடாமல் பேசியதில் தீக்கும் புயலுக்குமாக அதை இன்ஷூர் செய்து வைத்திருந்தார். மனுஷனுக்கு இன்ஷூரன்ஸ் கேள்விப்பட்டிருக்கிறேன், ஓடு செத்தால் யார் மாலை போடுவார்கள் என்று கன்னியம்மா அப்போது கேட்டாள். ஆகவே கார்த்திகைப் புயல் வந்து முன்பக்கத்து ஓடுகளை வாரித் தெருவில் போட்டபோது, அந்தத் தெருவிலேயே சந்தோஷப்பட்ட ஒரே ஆள் பரசுராமன்தான்.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரர்கள் இரண்டு விஷயம் சொன்னார்கள். ஒரு மேஸ்திரியிடம் செலவுக் கணக்கு எழுதி வாங்கி வரவேண்டும். அதை வைத்துக்கொண்டு அவர்கள் ஆள் வந்து பார்ப்பார். புயல் உடைத்ததற்கு மட்டும்தான் பணம். அதுவும் முன்பு எப்படி இருந்ததோ அப்படியே திருப்பிப் போடுவதற்குத்தான்.

புயல் உடைத்ததற்கு மட்டும் என்ற பேச்சுதான் பரசுராமனுக்கு இடித்தது. புயல் ஓய்ந்த காலையில் சேதத்தைப் பார்க்கிறேன் என்று அவர் கூரைமேல் ஏறினார். எதிர்வீட்டுக்காரர்கள் பார்க்கிறார்கள் என்பதால் கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தார். சமையலறைக்கு மேலே வந்தபோது வலது கால் முழங்கால் வரைக்கும் உள்ளே போய்விட்டது. காலை உருவிக்கொண்டார், செருப்பை உருவ முடியவில்லை. ஒற்றைச் செருப்போடு இறங்கி வந்து, இன்னொன்றைக் காற்று அடித்துக்கொண்டு போய்விட்டது என்றார். அப்போது காற்றே இல்லை. கன்னியம்மா சிராய்ப்பில் மஞ்சளை வைத்து அப்பினாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அந்தச் சமையலறைக் கூரைக்குப் பழைய வழக்கு ஒன்று உண்டு. அடுப்புப் புகை போக ஒரு கூண்டும், வெளிச்சத்துக்கு ஒரு கண்ணாடி ஓடும் வேண்டுமென்று கன்னியம்மா கல்யாணம் ஆன நாளிலிருந்து கேட்டு வந்தாள். என் அப்பா போட்ட கூரையில் நான் உயிரோடு இருக்கிறவரைக்கும் ஓட்டை விழாது என்று அவர் ஒவ்வொரு தடவையும் சொல்லி வந்தார். அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டே சமைத்தாள்.

இப்போது அவசரம் வேறு வந்துவிட்டது. வியாசர்பாடியில் கட்டிக் கொடுத்த மகள் செல்லம்மாவைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துவர வேண்டும். எண்ணூர்ப் பக்கம் வானம் இன்னும் கறுப்பாகவே இருந்தது. அடுத்த மழைக்குள் கூரை மூடாவிட்டால் பிள்ளைத்தாய்ச்சியை எங்கே படுக்க வைப்பது?

பரசுராமன் சோதனையைத் தொடங்கினார். சோதனை சுலபமானது. வருகிற மேஸ்திரியைத் தனியாகக் கூப்பிட்டு, "கம்பெனிப் பணம்தானே, கொஞ்சம் கூட்டி எழுதிக்கலாமா?" என்று கேட்பது. சரி என்றால் திருடன். கோபித்துக்கொண்டால் யோக்கியன்.

முதலில் வந்தவர் கருணாகரன். சட்டைப்பையில் பேனா வைத்திருந்த மேஸ்திரி. பரசுராமன் கேள்வியைப் பாதி கேட்பதற்குள் அவர் பேனா மூடியைத் திறந்துவிட்டார். பக்கத்து வீட்டுக் கூரையையும் இதிலேயே சேர்த்துவிடலாம், அவர்களுக்கும் உபகாரமாக இருக்கும் என்றார். பரசுராமன் வாசலைக் காட்டினார்.

அடுத்தவர் திருவொற்றியூர் தண்டபாணி. நெற்றி நிறைய விபூதி. கேள்வியைக் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டு சிவசிவா என்றார். பரசுராமனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆள் கிடைத்துவிட்டான் என்று உள்ளே திரும்பி காபி சொன்னார். காபியைக் குடித்துவிட்டு தண்டபாணி மெதுவாகச் சொன்னார்: பொய்யாக எழுதுவது பாவம், அதனால் கம்பெனி ஆள் வருவதற்கு முன்னால் ஒரு கடப்பாரையோடு வந்து மிச்ச ஓடுகளையும் தள்ளிவிடுகிறேன், புயல் பாதியில் விட்ட வேலைதானே, முடித்துவிட்டால் எழுதுவதெல்லாம் நிஜமாகிவிடும்.

பிறகும் சிலர் வந்தார்கள், போனார்கள். ஓடு போடுகிறவர்கள் எல்லோரையும் ஓடு ஓடு என்று விரட்டியானது. அதற்குள் அண்டா, குண்டான், சருவம் எல்லாம் சொட்டுக்குப் போய்விட, கன்னியம்மா சோறு வடிக்க அடுத்த வீட்டு அஜீசாவிடம் பாத்திரம் இரவல் வாங்க வேண்டியதாயிற்று.

அஜீசாவின் புருஷன் சௌக்கத் அலி துறைமுகத்தில் பளு தூக்கும் விஞ்சு ஓட்டுகிறவர். ஒருநாள் கேன்டீனில் டீ குடிக்கும்போது தானாகவே பேச்சை எடுத்தார். யாரை வேண்டுமானாலும் பாருங்கள், அந்தத் தண்டையார்பேட்டை அப்துல் வஹாபை மட்டும் கூப்பிட்டுவிடாதீர்கள் என்றார். ஏன் என்று கேட்டார் பரசுராமன். அவன் பிழைக்கத் தெரியாதவன், ஒரு ஆணி கூடுதலாக எழுதச் சொன்னாலும் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான், அவனால் எத்தனையோ பேருக்கு நஷ்டம் என்றார் சௌக்கத் அலி.

பரசுராமன் மிச்ச டீயைக் குடிக்கவில்லை.

வீட்டில் வந்து சொன்னபோது கன்னியம்மாவின் முகம் சுருங்கிப் போனது.

"அந்த பாயா? வாணாம்யா. அவரு ரொம்பக் கறாரு. நம்ம வூட்டுக்கு ஒத்து வரமாட்டாரு."

"உனக்கு ஆளப் பாத்து எடை போடத் தெரியாது மே. நீ சும்மா இரு," என்று சொல்லிவிட்டு, அப்போதே தண்டையார்பேட்டைக்குப் புறப்பட்டார்.

அப்துல் வஹாப் தாடி நரைத்த, அதிகம் பேசாத மனிதர். ராயபுரத்துக்கு வந்தபின் கூட்டி எழுதிக்கலாமா என்று கேட்டதும் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். பரசுராமன் தெருமுனை வரைக்கும் பின்னாலேயே ஓடி, சோதனைதான் பாய் என்று கெஞ்சிக் கூட்டிவந்தார். வழியெல்லாம் கண்ணில் பட்டவர்களிடம், இவர் எதை எழுதினாலும் படிக்காமலே கையெழுத்துப் போடுவேன் என்று சொல்லிக்கொண்டே வந்தார். வாசலில் நின்ற கன்னியம்மாவிடமும் அதையே சொன்னார்.

"படிக்காமயா?" என்று கேட்டாள்.

"படிக்காம."

வஹாப் கூரையில் ஏறினார். முன்பக்கத்தைப் பார்த்தார், ஓட்டைத் தாங்கும் ரீப்பர் கட்டைகளைத் தட்டிப் பார்த்தார். பிறகு சமையலறைப் பக்கம் போனார். பரசுராமனுக்கு அப்போதுதான் செருப்பு ஞாபகம் வந்தது. கீழே இருந்தபடியே, அங்கெல்லாம் பார்க்கவேண்டாம் பாய், அதுவும் புயல்தான் என்று குரல் கொடுத்தார். வஹாப் இறங்கி வந்தபோது ஒரு கை ஏணியைப் பிடித்திருந்தது, இன்னொரு கையில் வலது கால் செருப்பு இருந்தது.

"இது யாருது நைனா?"

"என்னுதுதான். புயல்ல பறந்துடுச்சி. அங்க போயி விழுந்துகீது."

கன்னியம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"செருப்பு மட்டும் விழுந்திருந்தா சரிதான்யா. அன்னிக்கு நான் அடுப்பாண்டதான் குந்திகினு இருந்தேன். கூடவே காலும் வந்துச்சே."

பரசுராமன் மேஸ்திரியைக் கொல்லைப்பக்கம் தள்ளிக்கொண்டு போனார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பாய், கம்பெனிப் பணம்தானே. இந்த ஒண்ண மட்டும் கூட்டி எழுதிக்கலாமா?"

வஹாப் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"இன்னா நைனா, இன்னும் சோதிக்கிறியா? நான் அப்பவே பாஸாயிட்டேன்னியே."

சோதனையில்லை, நிஜமாகத்தான் கேட்கிறேன் என்று சொல்ல பரசுராமனுக்கு வாய் வரவில்லை. சொன்னால் யோக்கியனைத் தேடிய கதை ராயபுரம் முழுக்க வேறு மாதிரி பரவும். ஆமாம், கடைசியாக ஒரு தடவை சோதித்தேன் என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவருக்கே பிடிக்கவில்லை. வஹாப் எழுதிக் கொடுத்ததை, வாசலில் கூடியிருந்த நாலு பேருக்கு முன்னால், படிக்காமல் கையெழுத்துப் போட்டார். அதில் சமையலறைக் கூரை இல்லை.

கம்பெனியிலிருந்து வந்தவர் தடித்த கண்ணாடி போட்டவர். புயலுக்குப் பிறகு வீடு வீடாக ஏறி இறங்கிச் சலித்துப்போயிருந்தார். சமையலறைப் பக்கமும் உடைந்திருக்கிறதே, அதை ஏன் எழுதவில்லை என்று அவரே கேட்டார். அது புயல் இல்லை, வீட்டுக்காரருடைய கால் என்றார் வஹாப். கண்ணாடிக்காரர் பரசுராமனின் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். இத்தனை வீட்டில் சேர்த்து எழுதினவர்களைத்தான் பார்த்திருக்கிறேன், விட்டு எழுதினவரை இங்கேதான் பார்க்கிறேன் என்று சொல்லி, கூரையில் ஏறிக்கூடப் பார்க்காமல், வேலையை ஆரம்பிக்கலாம் என்று உத்தரவு கொடுத்துவிட்டுப் போனார். பரசுராமன் உடனே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, இதற்குத்தான் யோக்கியமான ஆள் வேண்டுமென்று சொன்னேன் என்று தெருவுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னார்.

அன்று சாப்பிடும்போது கன்னியம்மா சாதாரணமாகக் கேட்டாள்.

"முன்னால எப்டி இருந்துச்சோ அப்டியே போடணும்னு கம்பெனிக்காரன் சொன்னது, அவன் குடுக்கற காசுக்குத்தானேய்யா?"

"ஆமா."

"அப்ப சமையக்கட்டுக்கு அந்த சட்டம் கெடயாது. அது நம்ம காசு."

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்ல. ஓட்டை போடக் கூடாதுன்ன. நான் போடல. போட்டது நீ. இனிமே அத மூடறதுக்குப் பதிலா ஒரு கூண்டு வெச்சுட்டா, உங்கப்பா கூரைல நான் கை வெச்ச மாதிரியும் ஆவாது."

பரசுராமன் சோற்றைப் பிசைந்துகொண்டே இதில் எங்கேயாவது ஓட்டை இருக்கிறதா என்று தேடினார். இருந்த ஓட்டை ஒன்றுதான். அது தலைக்கு மேலே இருந்தது.

மறுநாள் வஹாபின் மாட்டுவண்டி வந்தது. ஓடும் ரீப்பரும் இறங்கின. அவற்றோடு, தகரத்தில் அளவாக அடித்துக் கறுப்பு வர்ணமும் பூசிக் காய்ந்த ஒரு புகைக்கூண்டும், வைக்கோலில் பொதிந்த கண்ணாடி ஓடும் இறங்கின. இத்தனை சீக்கிரம் எங்கே செய்தார்கள் என்று பரசுராமனுக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. வேலை ஓடுகிறதே என்ற சந்தோஷத்தில் கேட்காமல் விட்டுவிட்டார்.

அடுத்த மழைக்கு முன்னால் கூரை மூடியாயிற்று. செல்லம்மாவும் வந்து சேர்ந்தாள். புகையில்லாத சமையலறையில் கண்ணாடி ஓட்டு வெளிச்சத்தில் உட்கார்ந்து, இத்தனை நாளாக இதை ஏன் செய்யவில்லை என்று அவள் கேட்டாள். இந்தக் கேள்வி போகிற திசை பரசுராமனுக்குப் பிடிக்கவில்லை. பேச்சை மாற்றி, மேஸ்திரியைத் தேடிய கதையை ஆரம்பித்தார். மீந்த ஓடுகளைக் கணக்குப் பார்த்துத் திருப்பிக் கொடுக்க வந்திருந்த வஹாபையும் பிடித்து உட்கார வைத்துக்கொண்டார்.

"சொல்லு பாய். இம்மாம் பெரிய பட்டணத்துல உன்னக் கண்டுபுடிச்சது யாரு?"

வஹாப் கன்னியம்மாவைப் பார்த்தார். அவள் அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னாள்.

"சொல்லிடுங்க பாய். யோக்கியமா ஒருத்தர் வேணும்னுதானே அலஞ்சாரு."

"அம்மாதான் நைனா," என்றார் வஹாப். "புயல் ஓஞ்ச அன்னிக்கே அஜீசாவக் கூட்டிகினு எங்க வூட்டுக்கு வந்தாங்க. கூண்டுக்கு அளவு குடுத்தாங்க. சௌக்கத்து மூலமா நீ தேடி வருவேன்னு சொன்னாங்க. நீ வந்து கூப்டா, கொஞ்சம் புடிக்காத மாதிரி மொகத்த வெச்சிக்கச் சொன்னாங்க. அது பொய்யாயிடும், எனக்கு வராதுன்னுட்டேன். சரி பாய், அந்த வேலைய நானே பாத்துக்கறேன்னாங்க."

செல்லம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிள்ளைத்தாய்ச்சி அப்படிச் சிரிக்கக் கூடாது என்று பரசுராமன் அதட்டினார். யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ராயபுரத்தில் யாராவது வந்து, யோக்கியமான மேஸ்திரி ஒருவரைச் சொல்லுங்கள் என்று கேட்டால், பரசுராமன் அவர்களுடைய நடையைக்கூடப் பார்ப்பதில்லை. "எங்க வூட்ல கேளு" என்று உள்ளே கையைக் காட்டிவிடுகிறார்.