நாற்பத்து நான்காம் நம்பர் வரவில்லை

ஒரு காட்டில் ஒரு சிங்கம் ராஜாவாக இருந்தது என்று ஆரம்பித்தால் இந்தக் காலத்தில் எவனும் கேட்கமாட்டான். ஆகவே உள்ளதைச் சொல்கிறேன். ஒரு காட்டில் ஒரு சிங்கம் பிரின்சிபாலாக இருந்தது. ராஜா உத்தியோகத்தில் மரியாதை குறைந்துவிட்டதென்று இருந்த குகைக்கு வெள்ளையடித்து, 'ஆலமரத்தடி கலை அறிவியல் கல்லூரி (தன்னாட்சி)' என்று வாசலில் போர்டு மாட்டிவிட்டது. அடைப்புக்குறிக்குள் இருக்கிற வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று சிங்கத்துக்கே தெரியாது. அது இல்லாவிட்டால் போர்டு மொட்டையாக இருந்ததாம்.

அந்தக் கல்லூரியின் தாவரவியல் துறையில் நாற்பத்து நாலு பேர் படித்தார்கள். மான், முயல், காட்டெருமை, குரங்கு என்று இலை தின்கிற கூட்டம் அத்தனையும் அங்கேதான். பாடத்தின் மேல் பிரியம் என்று நினைத்துவிடாதீர்கள். செய்முறை வகுப்பு முடிந்ததும் மேஜையில் இருப்பதைத் தின்றுவிடலாம் என்று சீனியர்கள் ஆசை காட்டியிருந்தார்கள்.

இதில் கடைசி நம்பர், நாற்பத்து நாலு, குழலி. கரிச்சான் குருவி. கரிச்சானைத் தெரியும்தானே? கறுப்பாக, வால் நுனி இரண்டாகப் பிரிந்து, கரண்டுக் கம்பியில் உட்கார்ந்து ஊரை வேடிக்கை பார்க்குமே, அதுதான். எந்தக் குரலைக் கேட்டாலும் அப்படியே திருப்பிச் சொல்லும். பருந்து மாதிரி கத்திக் கோழிகளை ஓடவிடும். குழலி இன்னும் ஒரு படி மேலே. காட்டெருமை தும்முவதைக்கூட அச்சு அசலாகத் தும்முவாள்.

இந்தத் திறமை வீட்டோடு இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

துறையில் நாலு பேராசிரியர் இருக்கவேண்டும். மூன்று இடம் பல வருடமாகக் காலி. இருந்த ஒருவர் முனைவர் திருமேனி, ஆந்தை. பகலில் கண் தெரியாது. ஆனால் அதை ஒப்புக்கொள்ள மாட்டார். "எனக்குக் கண்ணே வேணாம்பா, காது போதும். முப்பது வருஷ சர்வீஸ்ல என் காதை ஒருத்தன் ஏமாத்தினதில்ல" என்பார். ஒவ்வொரு நம்பராகக் கூப்பிடுவார். 'உள்ளேன் ஐயா' என்று குரல் வரவேண்டும். வந்தால் டிக். பிறகு சுவரைப் பார்த்து ஒரு மணி நேரம் ஒளிச்சேர்க்கை பற்றிப் பேசுவார்.

முதல் வாரமே மான் சாருலதா வந்து குழலியின் இறக்கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரே ஒரு நாள்டி. புதுப்படம் ரிலீஸ். எனக்கு மட்டும் என் குரல்ல அட்டெண்டன்ஸ் கொடுத்துடு."

கொடுத்தாள். மறுநாள் குரங்கு ஜெயசீலன் வந்தான். அவனுக்கு ஒரு பாட்டுக் குழு உண்டு, கிடார் வாசிப்பான். "கல்ச்சுரல்ஸ் வருது மச்சி, ரிகர்சல்" என்றான். அவனுக்கும் கொடுத்தாள். பிறகு முயல், பிறகு முள்ளம்பன்றி, பிறகு வரிசையாக எல்லோரும். ஆடி முடிவதற்குள் வகுப்பே காலி. மூன்றாவது பெஞ்சில் குழலி மட்டும் உட்கார்ந்து, ஒன்றிலிருந்து நாற்பத்து மூன்று வரை ஆளுக்கொரு குரலில் 'உள்ளேன் ஐயா' சொல்லிக்கொண்டிருந்தாள். நல்ல பெண். இல்லை என்று சொல்ல வராது. அதற்கு ஒரு மருந்து இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

சும்மா உட்கார்ந்திருக்கிற நேரத்தில் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஏதாவது எழுதுவாள். நாள் கிழமை போட்டுத்தான் எழுதுவாள். இந்த வருடம் அவள் ஒரு படமும் பார்க்கவில்லை. சாருலதா தியேட்டரிலிருந்து வந்து பாட்டு, சண்டை, இடைவேளை சமோசா உட்பட எல்லாவற்றையும் சொல்வாள். அதைக் கேட்டு மறுநாள் வகுப்பில் இப்படி எழுதியிருந்தாள்:

'எல்லாப் படத்திலும் ஹீரோ கல்லூரி மாணவன். வகுப்பில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. வாசலில் சண்டை, கேன்டீனில் பாட்டு, மழையில் காதல். கடைசியில் தங்க மெடல். இவனுக்கு யார் அட்டெண்டன்ஸ் கொடுத்தது? அந்த ஆளைப் பற்றி ஒருத்தரும் படம் எடுக்கவில்லை.'

இன்னொரு நாள்: 'பஸ்ஸில் ஆளுக்கொரு ஹெட்போன். பக்கத்து சீட்டுக்காரர் என்ன பாட்டு கேட்கிறார் என்று யாருக்கும் தெரியாது. அதே ஆள் வீட்டில் காதுகுத்து என்றால் மூன்று கிலோமீட்டருக்கு ஸ்பீக்கர் கட்டுகிறார்.'

இன்னொரு நாள்: 'விழாவில் சிறப்பு விருந்தினராகச் சிறுத்தை வந்து, இந்தக் காட்டில் எல்லோரும் சமம் என்று பேசியது. நல்ல கைதட்டல். முடிந்து குளத்துக்குப் போனோம். முதலில் சிறுத்தை குடித்தது. பிறகு சிறுத்தையின் டிரைவர். மான்கள் வெயிலில் நின்றன.'

இப்படி ஓடிக்கொண்டிருந்தது செமஸ்டர். முடிய இரண்டு வாரம் இருக்கும்போது ஆபீஸ் வாசலில் பட்டியல் ஒட்டினார்கள். எழுபத்தைந்து சதவீதம் வருகை இருந்தால்தான் ஹால் டிக்கெட். இல்லாவிட்டால் பரீட்சை கிடையாது, அடுத்த வருடம் மறுபடி அதே வகுப்பு, அதே சுவர், அதே ஒளிச்சேர்க்கை.

சாருலதா நூறு. ஜெயசீலன் நூறு. எல்லோருக்கும் நூறு. கடைசி வரியில், குழலி: மூன்று.

மூன்றுக்கு முன்னால் ஒரு ஒன்பது அழிந்திருக்கும் என்று நினைத்தாள். ஆபீஸ் சூப்பிரண்டு ஆமையிடம் ஓடினாள்.

"வரிசையில வாம்மா" என்றது ஆமை.

"சார், நான் மட்டும்தான் நிக்கிறேன்."

"அப்ப வரிசையா நில்லு."

நின்றாள். ஆமை பதிவேட்டை எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. திறந்து காட்டியது. எண்பத்தெட்டு வேலை நாள். அவள் பெயருக்கு நேரே எண்பத்தைந்து 'வரவில்லை'. மூன்று டிக். ஆவணியில் மூன்று நாள், அடுத்தடுத்து.

அந்தத் தேதிகளைக் குழலி அலகால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அந்த மூன்று நாளும்தான் அவள் காய்ச்சலில் கூட்டிலேயே கிடந்தாள். குரல் கொடுக்க ஆளில்லாமல் நாற்பத்து மூன்று பேரும் திட்டிக்கொண்டே வகுப்புக்கு வந்திருந்தார்கள். ஜெயசீலன் நன்றிக்கடனாக மூக்கைப் பிடித்துக்கொண்டு, குழலிக்காக 'உள்ளேன் ஐயா' சொல்லியிருந்தான்.

வந்த நாளெல்லாம் வரவில்லை. வராத நாளெல்லாம் வந்தாள். என்ன அநியாயம் இது என்று ஆந்தையிடம் போனாள்.

ஆந்தைக்கு ஒரே சந்தோஷம். "நீதான் குழலியா? வாம்மா வா! உன் பேர்ல தினமும் ஒருத்தி ப்ராக்ஸி கொடுக்கப் பாத்தா. கரகரன்னு ஒரு குரல். நாற்பத்து மூணு பேரும் கணீர்னு சொல்றாங்க, இது மட்டும் போலின்னு கேட்டவுடனே தெரிஞ்சுது. எண்பத்தஞ்சு தடவை கையும் களவுமா புடிச்சேன்."

"சார், அது நான்தான் சார்!"

"உன் குரல் இப்ப எவ்வளவு இனிமையா இருக்கு. அதுவா நீ?"

நாற்பத்து மூன்று பேர் குரலில் கத்திவிட்டுத் தன் முறை வரும்போது எந்தத் தொண்டைதான் கட்டாது? அதைச் சொல்லலாம். சொன்னால் நாற்பத்து மூன்று பேரும் தொலைந்தார்கள். குழலி வாயை மூடிக்கொண்டாள். வகுப்பில் இருந்ததற்கு இரண்டு சாட்சி கொண்டுவந்தால் பிரின்சிபால் முன்னால் பேசிக்கொள்ளலாம் என்று ஆந்தை அனுப்பிவைத்தார்.

சாட்சிக்கு சாருலதாவும் ஜெயசீலனும் முதல் ஆளாக வந்தார்கள். உயிரைக் கொடுப்பார்கள், அதில் சந்தேகமே வேண்டாம்.

சிங்கம் கேட்டது: "குழலி தினமும் வந்தாளா?"

"தினமும் சார்!" என்றாள் மான்.

"எங்க உட்காருவா?"

"முதல் பெஞ்ச் சார்" என்றாள் மான். "கடைசி பெஞ்ச் சார்" என்றான் குரங்கு. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

சிங்கம் பட்டியலைப் பார்த்தது. "நூறு சதவீதம் வந்த ரெண்டு பேருக்கு இவ எங்க உட்காந்தான்னே தெரியல. வந்திருந்தா பாத்திருக்க மாட்டாங்களா?"

குழலிக்குக் கண்ணில் நீர் முட்டியது. நோட்டை எடுத்து நீட்டினாள். "சார், தினமும் வகுப்புல உட்காந்து எழுதினது. தேதி இருக்கு பாருங்க."

சிங்கம் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தது. ஹீரோ, தங்க மெடல், இடைவேளை சமோசா. சிறுத்தை பக்கம் வந்ததும் சட்டென்று திருப்பிவிட்டது. "முப்பத்தாறு படத்துக்கு விமர்சனம் இருக்கு. ஒளிச்சேர்க்கை பத்தி ஒரு வரி இல்ல. நீ இருந்தது வகுப்பிலயா, தியேட்டர்லயா?"

போதும் என்று ஆகிவிட்டது குழலிக்கு. நல்லவளாக இருந்து என்ன கிடைத்தது, மூன்று சதவீதம்! "மன்னிச்சுக்கோங்கடா" என்று நண்பர்களைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மேஜை மேல் ஏறி நின்று, ஒன்றாம் நம்பரிலிருந்து ஆரம்பித்தாள். காட்டெருமை குரலில் 'உள்ளேன் ஐயா'. மான் குரலில் 'உள்ளேன் ஐயா'. முயல், முள்ளம்பன்றி, அணில், குரங்கு, நாற்பத்து மூன்றும், மூச்சு விடாமல். சாருலதாவும் ஜெயசீலனும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மூலையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த ஆந்தை பரபரவென்று பதிவேட்டைத் திறந்து டிக் போட ஆரம்பித்தார். "அடடா! க்ளாஸே திரண்டு வந்திருக்கே சார். எவ்வளவு ஒத்துமை பாருங்க. குழலிதான் இன்னும் வரல."

ஆந்தைக்குத்தான் தெரியாது. சிங்கத்துக்கு இரண்டு கண்ணும் நன்றாகத் தெரியும். எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, குழலியிடம் மெதுவாகப் பேசியது.

"புரிஞ்சுதும்மா. ஆனா பாரு, ஒருத்தி வரலைன்னா அது அவ தப்பு. நாற்பத்து மூணு பேர் வரலைன்னா அது என் தப்பு. அடுத்த வியாழக்கிழமை தரமதிப்பீட்டுக் குழு வருது. நீ அடுத்த வருஷம் எழுதிக்கோயேன்."

குழலி நோட்டை எடுத்துக்கொண்டாள். பறந்து போய்க் கரண்டுக் கம்பியில் உட்கார்ந்து ஆசைதீர அழுதாள். பிறகு கோபம் வந்தது. பிறகு பசி வந்தது. பூச்சி பிடித்துத் தின்றுவிட்டு, மறுநாள் முதல் கல்லூரிக்குப் போவதில்லை என்று முடிவு செய்தாள். பதிவேட்டில் எப்படியும் வரவில்லை என்றுதானே இருக்கப்போகிறது?

வெள்ளிக்கிழமை ஆந்தை ஒன்றாம் நம்பரைக் கூப்பிட்டார். சத்தமில்லை. இரண்டு, சத்தமில்லை. நாற்பத்து நாலு வரைக்கும் வெறும் காற்று. காது போய்விட்டது என்று பயந்து, மரங்கொத்தி டாக்டரிடம் ஓடினார். டாக்டர் மண்டையில் நாலு தட்டு தட்டி, காது கல்லு மாதிரி இருக்கிறது என்றார். ஆந்தை நம்பவில்லை. திங்கள் சத்தமில்லை. செவ்வாய் சத்தமில்லை. எல்லோருக்கும் 'வரவில்லை' போட்டு, மருத்துவ விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். தண்டனை ஒன்றும் வராததால் சாருலதாவும் ஜெயசீலனும் பழையபடி, குழலி இருக்கிறாள் என்ற தைரியத்தில் ரிகர்சலும் மேட்னியுமாக இருந்தார்கள். அவளிடம் சொல்லிவிட்டுப் போவதுகூட எப்போதோ நின்றுபோயிருந்தது.

புதன்கிழமை காலை கரண்டுக் கம்பத்துக்குக் கீழே சிங்கம் வந்து நின்றது. தானே நடந்து வந்திருந்தது. மூச்சிரைத்தது.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்ட? ஏன் காலேஜுக்கு வரல?"

எண்பத்தைந்து நாள் வந்தபோது ஒருவரும் கேட்காத கேள்வி. குழலிக்குச் சிரிப்பு வந்தது. "நான் எப்ப சார் வந்தேன்?"

சிங்கம் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு ஒரு காகிதத்தை எடுத்தது. ஹால் டிக்கெட். கையெழுத்து, முத்திரை, 'சிறப்பு மன்னிப்பின் பேரில் வருகை எழுபத்தைந்து சதவீதம்' எல்லாம் இருந்தது. குழலி கீழே இறங்கி, இரண்டு தடவை படித்துப் பார்த்து, மடித்து இறக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"நாளைக்குக் குழு வருது. கொஞ்சம் சீக்கிரம் வந்துடும்மா."

"நாளைக்குப் புதுப்படம் சார். முதல் காட்சி. நான் இந்த வருஷம் ஒண்ணுகூடப் பாக்கல."

"அப்ப அட்டெண்டன்ஸ்?"

"நீங்க கொடுத்துடுங்க சார்."

வியாழக்கிழமை குழு வந்தது. மூன்று கழுதைகள். டீ ஆறிவிடும் என்று வகுப்புக்குள் வராமல், வராண்டாவிலேயே நின்று காது கொடுத்தன. விடுப்பிலிருந்து கெஞ்சிக் கூட்டிவரப்பட்ட ஆந்தை, நடுங்கும் குரலில் ஒன்றாம் நம்பரைக் கூப்பிட்டார். மூன்றாவது பெஞ்சுக்கு அடியில் பிடரியைச் சுருட்டி வைத்துக்கொண்டு பதுங்கியிருந்த சிங்கம், காட்டெருமை மாதிரி 'உள்ளேன் ஐயா' என்றது. அது சுமாராக வந்தது. மான் கொஞ்சம் தடுமாறியது. பதினேழாம் நம்பர் முயலுக்கு, முப்பது வருடம் கர்ஜித்த தொண்டையை நசுக்கி 'உள்ளேன் ஐயா' என்று கீச்சிட்டது.

"சளி புடிச்சிருக்கா பாப்பா? கஷாயம் குடி" என்று சொல்லி ஆந்தை டிக் போட்டார்.

கழுதைகள் தலையை ஆட்டி, உயர்ந்த தரம் என்று எழுதிக்கொண்டன. அந்த நேரத்தில் குழலி தியேட்டரில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, ஹீரோ கல்லூரி வாசலில் பைக்கைச் சாய்த்து நிறுத்துவதைப் பார்த்து விசில் அடித்துக்கொண்டிருந்தாள். சொந்தக் குரலில்.

நீதி: தினமும் வருகிறவர் எந்த நிர்வாகத்தின் கண்ணுக்கும் தெரியமாட்டார். ஆகவே மரியாதையோடு வாழ விரும்புகிறவர்கள் தவறாமல் மட்டம் போடவும். பதிவேட்டை நிரப்புவது பிரின்சிபாலின் கவலை.