ஹார்மோனியத்துக்குப் பின்னால் ஒரு குரல்

"யாருடா அவ?"

அம்மா கதவைப் படாரென்று திறந்துகொண்டு வந்தபோது கதம்பம் காதில் ஹெட்போனோடு ஹார்மோனியத்தின் மேல் கவிழ்ந்து கிடந்தான். கதவு சுவரில் மோதிய அதிர்வில் திடுக்கிட்டு நிமிர்ந்து ஹெட்போனைக் கழற்றினான்.

"எவம்மா?"

"உள்ள ஒரு பொண்ணு பாடிக்கிட்டிருந்தா. நான் கதவைத் திறந்ததும் கப்புனு நிறுத்திட்டா. எங்கடா ஒளிச்சு வச்சிருக்க?"

"இந்த ரூம்ல நான் காலை நீட்டவே இடம் இல்ல. இதுல பொண்ணை எங்க ஒளிக்கிறது?"

அம்மா அவன் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தாள். அலமாரியைத் திறந்து சட்டைகளை விலக்கினாள். கடைசியில் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். மூன்றாவது மாடி. குதித்திருந்தால் இந்நேரம் கீழே கூட்டம் கூடியிருக்கும்.

"பாட்டு கேட்டுக்கிட்டிருந்தேம்மா. அதைத்தான் நீ கேட்டிருப்ப."

"காதுல அதை மாட்டிக்கிட்டு நீ கேக்கிற பாட்டு, வெளியில துணி தைக்கிற எனக்கு எப்படிடா கேக்கும்?"

அவன் கையிலிருந்த ஹெட்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

கதம்பம் என்பது அவனாக வைத்துக்கொண்ட பெயர். முதல் பாட்டை இணையத்தில் போட்டபோது யாரோ ஒரு புண்ணியவான், 'இது பாட்டா, கதம்பமா?' என்று கேட்டிருந்தார். திட்டு பிடித்துப்போய் அதையே சூட்டிக்கொண்டான். தாலாட்டு மெட்டுக்கு இரைச்சல் கிட்டார், ராப்புக்கு ஹார்மோனியம், மேளத்துக்குப் பதில் துணி துவைக்கும் மெஷின் கடைசிச் சுற்றில் போடுகிற ஆட்டம். ஒரு பாட்டில் லிஃப்ட் சொல்லும் 'கதவை மூடவும்' என்பதுதான் பல்லவி. எதையும் எதோடும் சேர்ப்பான். எப்படியோ சேரவும் சேரும். விளம்பர அலுவலகத்தில் பார்த்த வேலையை இதற்காகவே விட்டிருந்தான். பெரியப்பா போனில் விசாரிக்கும்போதெல்லாம், "வீட்லயே ஆபீஸ் வச்சிருக்கான்" என்று சொல்லி அம்மா பேச்சை மாற்றிவிடுவாள்.

அம்மா போன பிறகு, அன்று மைக் வைத்துப் பதிந்ததைப் போட்டுக் கேட்டான். ஹார்மோனியம் வந்தது. அதன் காற்றுச் சத்தம் வந்தது. அதற்குப் பின்னால், யாரோ சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு முனகுவதுபோல, ஒரு பெண்குரல் வந்தது.

ம்ம்ம்... ம்ம்... ம்ம்ம்ம்.

சொல் இல்லை. அழுகையும் இல்லை. வீட்டில் யாருமில்லை என்று நினைத்துக்கொண்டு ஒருத்தி தனக்குத்தானே பாடிக்கொள்வதுபோல இருந்தது. கதம்பத்துக்குக் கை முடியெல்லாம் குத்திட்டு நின்றது.

அழித்துவிட்டு மறுபடி வாசித்தான். மறுபடி வந்தது. முன்பைவிட நீளமாக.

பக்கத்து வீட்டுச் சத்தமாக இருக்கும் என்று, வீட்டிலிருந்த கம்பளி, போர்வை, அம்மா மூட்டை கட்டி வைத்திருந்த வெட்டுத்துணி எல்லாவற்றையும் சுவரில் தொங்கவிட்டான். ஜன்னலை அடைத்தான். கதவிடுக்கில் துண்டைத் திணித்தான். தெருச் சத்தம், குழாய்ச் சத்தம், தையல் மிஷின் சத்தம் எல்லாம் செத்துப்போயின. இப்போது குரல் மட்டும் தனியாக, தெளிவாக, மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும்படி வந்தது. காதோரம் உட்கார்ந்துகொண்டு பாடுவதுபோல.

அப்புறம் ஒரு யோசனை தோன்றியது. மைக்கை ஓடவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கடைக்குப் போனான். திரும்பி வந்து கேட்டான். ஒன்றுமே இல்லை. சுத்தமான அமைதி.

அதுதான் அவனை மிகவும் பயமுறுத்தியது. வெறும் அறைக்கு அது பாடவில்லை. அவன் வந்து உட்கார்ந்தால்தான் பாடுகிறது.

"உன்னைப் புடிச்சுப்போச்சு போலிருக்கு" என்றாள் அம்மா. இதற்குள் அவள் பெண் சந்தேகத்திலிருந்து பேய் சந்தேகத்துக்கு வந்திருந்தாள். குரல் மட்டும் வாசல்வரை கேட்கிறது, கதவைத் திறந்தால் நின்றுவிடுகிறது என்றால் வேறென்ன?

வெள்ளிக்கிழமை வந்தது. வெள்ளிதோறும் ஒரு பாட்டு என்று உலகத்துக்கே வாக்குக் கொடுத்திருந்தான். குரலை எவ்வளவு சுரண்டினாலும் போகவில்லை. ஹார்மோனியம்தான் தேய்ந்துகொண்டே வந்தது. யார் கவனிக்கப் போகிறார்கள் என்று அப்படியே போட்டுவிட்டான்.

எல்லோரும் அதை மட்டும்தான் கவனித்தார்கள்.

'யார் இந்தப் பெண்?' 'ரெண்டாவது நிமிஷத்துல வர்ற முனகல் என்னைத் தூங்கவிடல.' 'பின்னாடி திரும்பிப் பாத்துட்டேன் சத்தியமா.' ஒரே வாரத்தில் பாட்டு ஊரெல்லாம் ஓடியது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஆள் அதை முனகிக்கொண்டிருக்க, கதம்பம் ஸ்டாப் வருமுன்பே இறங்கி நடந்தான்.

'அவங்க கூச்ச சுபாவம்' என்று ஒரு வரி எழுதினான். அது இன்னும் வினையாயிற்று. கூச்சப்படும் பெண்ணை யாருக்குத்தான் பிடிக்காது? முகத்தைக் காட்டு, பெயரைச் சொல்லு என்று பிடித்துக்கொண்டார்கள்.

அவன் வீட்டுக்காரரிடம் போனான். தரைத்தளத்தில் இருந்தார். அவருக்குத் தண்ணீர் மோட்டாரைத் தவிர இவ்வுலகில் வேறு கவலை கிடையாது.

"சார், எங்களுக்கு முன்னாடி மேல யார் இருந்தா?"

"ஒரு பாட்டு டீச்சர். தனியாத்தான் இருந்தாங்க. நல்ல மாதிரி."

"இப்ப எங்க சார் அவங்க?"

வீட்டுக்காரர் மோட்டாரிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை மேல்நோக்கி விரித்தார். "போயிட்டாங்க."

அதற்குமேல் கேட்கத் தைரியம் வரவில்லை. அன்றைக்கே உருக்கமாக எழுதினான்: 'இந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் நான் பாடல் செய்யும் இதே அறையில் வாழ்ந்த ஓர் இசை ஆசிரியை. அவர் இன்று நம்மோடு இல்லை.'

அவ்வளவுதான். இறந்தவள் பாடிய பாட்டு என்று ஊரே அழுதது. அம்மாகூட மாறிப்போனாள். மத்தியானத்தில் மிஷினை நிறுத்திவிட்டு, அவன் அறைக் கதவோரம் நாற்காலியைப் போட்டு உட்கார ஆரம்பித்தாள்.

"பயமா இல்லியாம்மா?"

"பயமென்ன? பாவம், நல்லாத்தான் பாடுது. வீட்ல ஒரு பொண்ணு இருக்கிற மாதிரி இருக்கு" என்றாள். ஒருநாள் மூடிய கதவைப் பார்த்து, "உனக்கு டீ வேணுமாம்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்ததை அவன் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போய்த் திரும்பும்போது பார்த்தான்.

அப்போதுதான் அந்த போன் வந்தது.

"கதம்பம் தம்பியா?" பெண்குரல். வயதான குரல் இல்லை, கண்டிப்பான குரல்.

"ஆமாங்க. நீங்க?"

"நீங்க செத்துப்போயிட்டதா எழுதின டீச்சர் பேசறேன்."

கதம்பம் போனைக் கட்டிலில் எறிந்தான். போன் மல்லாக்க விழுந்து பேசிக்கொண்டே இருந்தது. "ஹலோ! ஹலோ! வச்சுடாதீங்க! என் ஸ்கூலுக்கு மூணு மாலை வந்திருக்கு! ஹெட்மாஸ்டர் ஒரு நிமிஷம் மௌனமா நிக்கச் சொல்லிட்டாரு, நானும் விஷயம் தெரியாம நின்னுட்டேன்!"

கட்டிலில் முழங்காலிட்டு, போனுக்கு ஒரு முழம் தள்ளியே வாயை வைத்துப் பேசினான். "வீட்டுக்காரர் போயிட்டாங்கன்னாரே?"

"வேற ஸ்கூலுக்கு மாத்தலாகிப் போனேன்யா!"

கதம்பத்துக்கு உயிர் வந்தது. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "அப்ப அது உங்க குரல்தானே டீச்சர்? எப்பவோ பாடினது எப்படியோ சுவத்துல..."

மறுமுனையில் டீச்சரின் குரல் தணிந்தது. "அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். அந்தப் பாட்டை நான் நாலு தரம் கேட்டேன். அது என் குரல் இல்ல. ஸ்கூல்ல நாள்பூரா பாடின தொண்டைக்கு ஓய்வு வேணும்னு, அந்த வீட்ல இருந்தவரைக்கும் நான் ஒரு வரிகூடப் பாடினதில்ல."

செய்தி எப்படியோ கசிந்தது. டீச்சர் உயிரோடு இருக்கிறாள்! செத்த பாடகியைவிட உயிர்த்தெழுந்த பாடகிக்கு மவுசு அதிகம். பெரிய அரங்கில் இசைவிழா நடத்துகிறவர்கள் கூப்பிட்டார்கள். கதம்பத்துக்கு அரைமணி நேரம் மேடை. ஒரே நிபந்தனை, அந்தக் குரலும் மேடையில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அவனும் வேண்டாம்.

அம்மா பெரியப்பாவுக்குத் தானே போன் போட்டுச் சொல்லிவிட்டாள். இனிப் பின்வாங்க வழியில்லை. கதம்பம் டீச்சரின் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றான்.

"ஒரே ஒரு தடவை டீச்சர். நீங்க பாடுங்க. பாடி முடிச்சதும் மேடையிலயே உண்மையைச் சொல்லிடறேன்."

டீச்சர் அவனை மேலும் கீழும் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம், ஒட்டிய கன்னம். பிள்ளையைப் பேய் உறிஞ்சுகிறது என்றே அவளுக்கும் பட்டிருக்க வேண்டும். "முதல்ல அந்த ரூமை நான் பாக்கணும்" என்றாள்.

வந்தாள். கம்பளி தொங்கும் அறை நடுவில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுக்கும் கேட்க வேண்டுமே என்று அவன் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, பாட்டை ஸ்பீக்கரில் ஓடவிட்டு, முதுகை நேராக வைத்து மரியாதையாக வாசித்தான். காத்திருந்தார்கள். ஒன்றும் வரவில்லை.

"வெளியாளைப் பாத்தா வராது போல" என்று கதவருகிலிருந்து அம்மா கிசுகிசுத்தாள்.

"நீ பாடுவியா தம்பி?" என்று டீச்சர் திடீரென்று கேட்டாள்.

"நானா? ஸ்கூல்ல கூட்டமா பாடறப்ப என்னை மட்டும் வாயை அசைச்சாப் போதும்னாங்க டீச்சர். அதுலேர்ந்து குளிக்கறப்பகூடப் பாடினதில்ல."

அவன் பேசுகிற குரல் தகரத்தைத் தரையில் இழுப்பதுபோல இருக்கும். டீச்சர் தலையை ஆட்டிக்கொண்டு விட்டுவிட்டாள்.

பிறகு அந்த முனகலைக் கற்றுக்கொள்ள முயன்றாள். வரவில்லை. "இது எந்த ராகத்துலயும் உட்கார மாட்டேங்குது. ஏறவேண்டிய இடத்துல சறுக்குது, சறுக்கற இடத்துல அழகா இருக்கு" என்று நெற்றியைத் துடைத்தாள். "இப்படிப் பாட யாரும் சொல்லிக்குடுத்திருக்க முடியாது." போகும்போது படியில் வேகமாக இறங்கினாள். ஒருதரம் திரும்பிப் பார்த்தாள்.

விழா மாலை. அரங்கின் பின்பக்கத்தில் சவுண்டுக்காரர், வாயில் கவ்விய டேப்போடு, கதம்பத்தின் கன்னத்தோரம் ஒரு குட்டி மைக்கை ஒட்டினார். "பேசணும்னாப் பேசிக்கலாம் தம்பி, கை ரெண்டும் ஃப்ரீயா இருக்கும்" என்றார். டீச்சருக்கு ஒரு கைமைக். அவள் அதை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

விளக்குகள் அணைந்தன. மேடையின் பின்னால், மெஷின்கள் அடுக்கிய மேஜையின் இருட்டில் கதம்பம் குனிந்து உட்கார்ந்தான். முன்னால், ஒற்றை வெளிச்ச வட்டத்தில் டீச்சர். அவன் ஹெட்போனை மாட்டி, மேளம் மண்டைக்குள் இடிக்கும் அளவுக்குத் திருகி வைத்தான். அப்படி வைத்தால்தான் அவனுக்கு வாசிப்பு வரும். ஹார்மோனியத்தில் கைவைத்ததும், வழக்கம்போல, உலகம் மறந்துபோயிற்று.

அவன் நிமிர்ந்தபோது பாட்டு முடிந்திருந்தது. ஹெட்போனைக் கழற்றினான். அரங்கம் முழுக்க எழுந்து நின்றிருந்தது. யாரும் கைதட்டவில்லை. பிறகு ஒரு மூலையில் யாரோ தட்ட, கூரையே இடிந்து விழுவதுபோலச் சத்தம் எழும்பியது. முதல் வரிசையில் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

டீச்சர் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. திரை விழுந்ததும் தட்டுத்தடுமாறி அவனிடம் வந்து மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தம்பி... நான் பாடல."

"என்ன டீச்சர்?"

"தொண்டை அடைச்சுக்கிச்சு. நான் வாயே திறக்கல. சத்தியமா திறக்கல. ஆனா அது பாடிச்சு. எனக்குப் பின்னாடி, எனக்கு மேல, சுத்தி எல்லாப் பக்கத்துலேர்ந்தும் பாடிச்சு."

அப்படியானால் அது அறையிலுள்ளது அல்ல. கம்பளியும் ஜன்னலும் மூன்றாவது மாடியும் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. அவன் எங்கே போனாலும் கூடவே வரும். அவன் ஒயர் சுருளின் மேல் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"போதும் டீச்சர். ஹார்மோனியத்தை வித்துடறேன். பழைய ஆபீஸ்லயே போய்க் கேக்கறேன். எனக்கு இந்தப் பாட்டே வேண்டாம்."

டீச்சர் அவன் தலையில் கைவைத்தாள்.

அப்போது சவுண்டுக்காரர் ஒயரைச் சுற்றிக்கொண்டே வந்தார். குற்றவாளி மாதிரி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, அவன் கன்னத்திலிருந்த டேப்பை மெதுவாக உரித்தபடி காதோடு சொன்னார்:

"டீச்சரம்மா மைக்கை ஆன் பண்ணவே மறந்துட்டேன் தம்பி, வெளியில சொல்லிடாதீங்க... நல்லவேளை, இந்த மைக் ஆன்ல இருந்துச்சு, முழுப் பாட்டையும் நீங்களே பாடிச் சமாளிச்சுட்டீங்க!"