இருபது நிமிடப் பாஸ்தா

சமைக்கத் தெரிந்த ஆண்களைப் பற்றி இங்கே பேச்சில்லை. அவர்கள் பாட்டுக்குச் சமைத்துவிட்டுப் போகிறார்கள். தெரியாதவர்களாலும் தொல்லை இல்லை. தட்டு வைத்ததும் வந்து உட்காருவார்கள். நாம் பார்க்கப்போவது மூன்றாவது ரகம்: சமையல் என்பது வெறும் இருபது நிமிட வேலை என்று கண்டுபிடித்தவர்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். டாக்டர் வாயிலிருந்து கொலஸ்ட்ரால் என்ற சொல் விழுந்த மறுநாள் இவர் அடுப்படிக்குள் அவதரிப்பார். ஆலிவ் எண்ணெய்க் குப்பியை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்துத்தான் வாங்குவார். நேற்றுவரை நாசி கண்டார் கடையில் சோற்றின் மேல் நாலு குழம்பையும் கலந்து வெள்ளமாக ஊற்றச் சொன்ன அதே வாயால், எண்ணெயில் நல்லது எது கெட்டது எது என்று பாடம் நடத்துவார். மனைவியைப் பார்த்து, "நீங்கள்லாம் ஏன் எந்நேரமும் அடுப்படியிலேயே கிடக்குறீங்க?" என்று கேட்பார். கிண்டலாக இல்லை. உண்மையான இரக்கத்தோடு.

டத்தோ கிராமாட்டில் இருக்கும் மீரா சாகிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். ஒரு திருகை முடுக்க எவ்வளவு நேரமாகிறது என்று கடிகாரத்தோடு நின்று பார்த்து, அதில் ஒரு விநாடியைக் குறைத்தால் கைதட்டு வாங்குகிற உத்தியோகம். பாலம் தாண்டி வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் மாறாது. அடுப்படியை அதே கண்ணால் பல வருடம் பார்த்துவந்தார். பார்த்ததோடு சரி. போன வியாழக்கிழமைதான் உள்ளே நுழைந்தார்.

வியாழக்கிழமை அவர் மனைவி ஹமீதாவுக்குச் சுன்னத்து நோன்பு, கடமையில்லாமல் விரும்பி வைக்கிறது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு தொண்டை வற்றக் கத்திவிட்டு வந்து, அதற்கப்புறம் சமைத்து, அதற்கப்புறம் நோன்பு திறப்பவள். அன்று அவள் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், பசாரிலிருந்து வாங்கிவந்த பைகளை இரண்டு கையிலும் தூக்கிக் காட்டினார் மீரா சாகிப்.

"இன்னைக்கு நீ ரெஸ்ட் எடு. நான் பார்த்துக்குறேன். சீஃபூட் பாஸ்தா. ஹெல்த்தி. இருபதே நிமிஷம்."

ஹமீதா நெகிழ்ந்துபோனாள். சோபாவில் காலை நீட்டினாள். பாங்கு சொன்னதும் சூடாக ஒரு வாய், அதுவும் தான் கிளறாத ஒரு வாய்! நாள் முழுக்கப் பசித்திருந்தவளுக்கு வேறென்ன வேண்டும்?

"ஹமீதா, பெரிய சட்டி எங்க இருக்கு?"

எழுந்துபோய் எடுத்துக் கொடுத்தாள். திரும்பி நடப்பதற்குள், "இந்த இறாலுக்கு முதுகுல கறுப்பா ஒரு நரம்பு ஓடுதே, அதை என்ன செய்யணும்?" என்றார். செய்து காட்டினாள். ஒன்றைச் செய்து காட்டியவள் எல்லாவற்றையும் செய்து முடித்தாள். சோத்தோங் கணவாயின் மைப்பையை அவர் தொட்ட தொடலில் சட்டையெல்லாம் கறுப்பானது, ஆகவே அதையும் அவளே சுத்தம் செய்தாள். பூண்டை அவர் ஒவ்வொரு பல்லாக நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்ததைப் பார்க்கச் சகிக்காமல், அதை வாங்கி உரித்து, நசுக்கி, தக்காளி நறுக்கி, தண்ணீரைக் கொதிக்கவும் வைத்தாள்.

"லாலாவை உப்புத் தண்ணில ஊறப் போடணுங்க. சிப்பிக்குள்ள மணலு இருக்கும். ஒரு மணி நேரமாச்சும் வேணும்."

மீரா சாகிப் போனில் ஓடும் வீடியோவைக் காட்டிச் சிரித்தார். "இதுல ஊறப் போடவே இல்லையே. இப்படி ஒண்ணொண்ணுக்கும் ஒரு மணி நேரம் போட்டாத்தான் உங்க சமையல் முடிய மாட்டேங்குது."

எல்லாம் கிண்ணம் கிண்ணமாக அடுப்புக்கு முன்னால் வரிசையில் நின்றன. மீரா சாகிப் கையைத் துடைத்துக்கொண்டார், தொண்டையைச் செருமினார், போனில் கடிகாரத்தை அமுக்கினார்.

"இப்போ ஸ்டார்ட்!"

மோசடி என்று நினைத்துவிடாதீர்கள். வேலை இப்போதுதான் ஆரம்பிக்கிறது என்று அந்த நல்ல மனிதர் மனதார நம்பினார். அதற்கு முன் நடந்ததெல்லாம் அவர் கணக்கில் வேலையே அல்ல, வானிலை மாதிரி தானாக நடந்த ஒன்று.

பூண்டு பொரிந்தது. இறால் சிவந்தது. லாலா வாயைத் திறந்தது. பாஸ்தாவைக் குழைய விடக்கூடாது, கடித்தால் பல்லில் தட்டுப்பட வேண்டும், அதுதான் இத்தாலிக்காரன் முறை என்று அவர் விளக்கிக்கொண்டே கரண்டியை ஹமீதாவின் வாய்க்கருகே நீட்டினார்.

"உப்பு பாரு."

மேசையில் பேரீச்சம்பழத்தை எடுத்துவைத்துக்கொண்டிருந்த மகள் நஜ்வா நிமிர்ந்தாள். "அத்தா, அம்மா நோன்புலா!"

"அட, மறந்துட்டேன்." யாருக்காகச் சமைக்கிறாரோ அவளுடைய பசியை மறந்துவிடுவது இந்த ரகத்துக்கே உரிய தனித்திறமை.

பாங்கு ஒலித்தது. ஹமீதா ஒரு பேரீச்சம்பழமும் தண்ணீரும் எடுத்து நோன்பு திறந்தாள். தட்டும் வந்தது. ஆனால் கை வைக்க முடியவில்லை. முதலில் படம் எடுக்க வேண்டுமாம். வெளிச்சம் போதாது என்று தட்டு அடுப்படி விளக்குக்குக் கீழே போனது, பின்னணியில் சட்டிகள் தெரிகின்றன என்று மறுபடி மேசைக்கு வந்தது. 'இருபது நிமிஷம், தனியாகச் செய்தது' என்ற வரியோடு படம் குடும்பக் குழுவுக்குப் பறந்தபின்தான் அனுமதி கிடைத்தது.

ஹமீதா ஒரு வாய் வைத்தாள். நறநறவென்றது. அப்படியே நிறுத்தினாள்.

மீரா சாகிப் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எப்படி? பல்லுல தட்டுப்படுதா?"

"தட்டுப்படுது," என்றாள் ஹமீதா. "மணலு."

அவரும் ஒரு வாய் மென்றார். கண் லேசாகக் கலங்கியது. ஆனாலும் தோல்வியை ஒப்புக்கொள்கிற ரகமா இது? "கால்சியம்," என்றார் மெல்ல. மேசையில் போன் விடாமல் துடித்தது. குடும்பம் முழுவதும் அவரைப் பாராட்டிக்கொண்டிருந்தது. 'அண்ணி குடுத்து வச்சவங்க' என்று எழுதியிருந்தான் அவர் தம்பி ஷஃபீக்.

நஜ்வா எழுந்துபோய் அம்மாவுக்கு இரண்டு முட்டை பொரித்து, ரொட்டியோடு கொண்டுவந்து வைத்தாள். அதற்கு எத்தனை நிமிடமானது என்று யாரும் பார்க்கவில்லை.

ரொட்டியை நிதானமாகத் தின்று முடித்து, மேலே தண்ணீரும் குடித்த பிறகுதான் ஹமீதா பேசினாள்.

"அடுத்த வியாழக்கிழமை இதையே நான் செய்யுறேங்க. இருபது நிமிஷம்கூட வேணாம், பத்து போதும். நீங்க நோன்பு வைங்க. வேலை விட்டு வந்து இறாலை உரிச்சு, சோத்தோங்கைக் கழுவி, லாலாவை ஊறப் போட்டு, பூண்டெல்லாம் நசுக்கி வச்சுட்டு என்னைக் கூப்பிடுங்க. நான் வந்து போனை அமுக்குறேன்."

மீரா சாகிப் வாயில் மிச்சமிருந்த மணலைத் தண்ணீர் குடித்து விழுங்கினார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போனார். ஆறு சட்டி, ஒன்பது கிண்ணம், அடியில் பிடித்துப்போன பாஸ்தா. வீடியோவில் இதெல்லாம் வரவே இல்லையே என்று அவருக்கு முதல்முறையாகத் தோன்றியது.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, தெரியும். உங்கள் வீட்டில் லாலாவை ஊறப் போடாமல் சமைப்பதே கிடையாது. இருந்தாலும் இந்தப் பக்கத்தைக் கொஞ்சம் இறக்கி வைத்துவிட்டுக் காதைக் கொடுங்கள். அடுப்படியில் யாரோ சட்டி தேய்க்கிற சத்தம் கேட்கிறதா?

அது யாராக இருக்கும்? நீங்கள்தான் இங்கே உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறீர்களே.