இரண்டுக்கு முன்னால் பத்தை அழைக்கும் திரை

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தையும் நலம். நீங்களும் நலம் என்று மகள் சொன்னாள். நீங்கள்தான் என் போனை எடுப்பதில்லையே, அதனால் இந்தக் காகிதம்.

நான் டோக்கன் கொடுக்கும் பல் ஆஸ்பத்திரிக்கு நீங்கள் ஜாவாஸ்கிரிப்டில் எழுதித் தந்த திரை திங்கட்கிழமை முதல் ஓடுகிறது. ஓடுகிறதாவது, எங்களைத் துரத்துகிறது. முதலில் ஒன்றை அழைத்தது. உடனே நான் "எங்க மாப்பிள்ளை செஞ்சது" என்று அறை முழுக்கக் கேட்கும்படி பீற்றிக்கொண்டேன். வாயை மூடத் தெரியாதவனுக்குப் பல் ஆஸ்பத்திரியில்தானே வேலை கிடைக்கும்? அடுத்து அது அழைத்தது பத்தை. அப்புறம் பதினொன்று, பன்னிரண்டு. விடியும்போதே வந்து இரண்டாம் டோக்கன் வாங்கிய லாரி டிரைவர் வீங்கிய கன்னத்தோடு என் மேசையைக் குத்தி, "யோவ் பெரியவரே, ரெண்டு முன்னாடியா பத்து முன்னாடியா? பள்ளிக்கூடப் பக்கமாவது போயிருக்கியா?" என்றார். பத்தாவது வரை போனேன் மாப்பிள்ளை, தட்டுத்தடுமாறி. இரண்டைத் தாண்டித்தான் போனேன்.

மகளிடம் கேட்டேன். "அப்பா, டோக்கன் எல்லாம் அரேன்னு ஒரு வரிசையில இருக்கும். சும்மா அடுக்குன்னு சொன்னா, அது எண்ணைக்கூட அகராதியில வார்த்தையை அடுக்குற மாதிரி எழுத்தெழுத்தாதான் பார்க்கும். ஒண்ணுங்கிற இலக்கத்துல ஆரம்பிக்கிறதெல்லாம் முன்னாடி வந்துடும். எப்படி ஒப்பிடணும்னு நாமதான் சொல்லித் தரணும். அவர் மறந்துட்டார்ப்பா."

ஆகா! உலகத்தையே ஆளப்போகிற யந்திரத்துக்குப் பத்து பெரிதா இரண்டு பெரிதா என்று தெரியாது. அதைச் சொல்லித்தர, சுழல் நாற்காலியில் சுற்றிக்கொண்டிருக்கும் உங்களுக்கு ஞாபகம் வராது. போதாக்குறைக்கு, அந்த அரேயில் முதல் ஆளின் இடம் பூஜ்யமாம்! முதலில் வந்தவனையே பூஜ்யம் என்கிற இடத்தில் இரண்டாவது ஆளுக்கு என்ன மரியாதை கிடைக்கும்?

டாக்டரம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார்: "சனிக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா திரையையும் கழட்டிடுறேன், உங்களையும் அனுப்பிடுறேன்." என் வயசுக்கு இன்னொரு மேசை எங்கும் காத்திருக்கவில்லை. கடிதம் கண்டதும் ஓடி வரவும்.

தங்கள் ஞாபகசக்தி நாளும் வளர ஆசீர்வதிக்கும்,
மாமனார்

பி.கு.: உடனே வரவேண்டாம். என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க டாக்டரம்மா வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு நூறாம் டோக்கனை எனக்கென்று எடுத்து வைத்துவிட்டேன். ஒன்று, பத்து, அடுத்தது நான்தான். சனிக்கிழமை காலை வந்தால் போதும். அதுவரை தயவுசெய்து திரையில் கைவைத்துவிடாதீர்கள்.