டீச்சரம்மாவுக்குச் செய்த சிவப்புப் பெட்டி

சான் பிரான்சிஸ்கோ, சீனர் தெரு

மிஷன் சபைத் தலைவர் ஐயா அவர்களுக்கு, லியோங் வீட்டுக் கிழவி கும்பிட்டு எழுதுவது. நான் நலம், முழங்கால் நலமில்லை. உங்கள் முழங்காலும் வீட்டாரும் நலமாயிருக்க வேண்டும்.

மிஸ் எல்வுட் டீச்சரம்மாவை மாதக் கடைசியில் ஊருக்கு ரயிலேறச் சொல்லி நீங்கள் அனுப்பிய காகிதத்தைப் படித்தேன். திருட்டுத்தனமில்லை, பள்ளி மேசைமேல் கிடந்தது. காரணம் எனக்குத் தெரியும், அந்தப் பெட்டிதான். ஐயா, அவளுக்கு வயது அறுபத்தொன்று, பிள்ளைகுட்டி கிடையாது. எங்களில் பிள்ளைகள்தான் தாய்க்கு உயிரோடிருக்கும்போதே சவப்பெட்டி செய்து வைப்பார்கள், ஆயுசு கூடும் என்று. அவளிடம் எழுத்துப் படித்த பதினொரு பேர் சேர்ந்து தச்சன் குவாங்கிடம் சொல்லி, சிவப்பு மெருகு போட்டு, பிறந்தநாளன்று பள்ளி வாசலில் இறக்கினோம். புதிதாக வந்த சின்ன டீச்சர் மிஸ் பீல் அதைப் பார்த்து, "ஐயோ, கொலை மிரட்டல்!" என்று கத்தி உங்களுக்குத் தந்தி அடித்துவிட்டது. மிரட்டுறவ எவளாவது மெருகு போட்டு மிரட்டுவாளா? டீச்சரம்மா என்ன செஞ்சா தெரியுமா? பூட்ஸைக் கழட்டிட்டு உள்ளே படுத்துப் பாத்து, "லியோங்கம்மா, கால் இடிக்குதே"ன்னா. "நெட்டையா வளந்தது உன் குத்தம், குவாங் குத்தமில்ல"ன்னேன்.

அவ நல்லவன்னு நான் சொல்ல வரல. பாதம் வளராம சின்னதா இருக்கணும்னு என் மகளுக்கு இறுக்கிக் கட்டியிருந்த துணியை என்னைக் கேக்காம அவுத்து அடுப்புல போட்டவ, பத்தொன்பது வருஷமாச்சு, மறக்கல. மகன் கல்யாணத்துக்கு இழவு வீட்டுக்கு வர்ற மாதிரி வெள்ளை கவுன்ல வந்தா, மறக்கல. பூகம்பத்தன்னைக்கு என் வாத்தை விட்டுட்டுக் கரும்பலகையைத் தூக்கிட்டு ஓடினா, அதையும் மறக்கல. ஐம்பத்திரண்டு வயசுல என்னை பெஞ்சுல உக்கார வச்சு, விரலை நீட்டி நீட்டித் திட்டித்தான் இந்த எழுத்தெல்லாம் வந்துச்சு. எனக்கும் அலுத்துப்போச்சு ஐயா. எங்க வழக்கப்படி, செத்து ஏழு வருஷமான புருஷன் எலும்பைத் தோண்டிக் கழுவி, சொந்த ஊருக்குக் கப்பலேத்திட்டு இப்பதான் உக்காந்தேன். இன்னொருத்தரை வழியனுப்ப இடுப்புல பலமில்லை. அவளை இங்கேயே விட்டுவிடுங்கள்.

உங்கள் பேரன்மார் பெருகட்டும், உங்கள் சோற்றுப்பானை குறையாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
லியோங் கிழவி

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன்னே டீச்சரம்மா இதை வாங்கிப் படித்தாள். சிவப்பு மையால் நாலு இடம் திருத்தினாள். பெட்டி வருவதற்கு முன்பே, போகிறேன் என்று அவளேதான் உங்களுக்கு எழுதிக் கேட்டாளாம். "முடியல லியோங்கம்மா, முப்பத்தோரு வருஷம்" என்றாள். ஆகவே மேலே எழுதியதை அடித்துவிடுங்கள். "பெட்டியை யாருக்கும் குடுத்துடாதே. நீங்கல்லாம் எலும்பைச் சொந்த ஊருக்கு அனுப்புவீங்கல்ல? என்னோடதை இங்க அனுப்பச் சொல்லி எழுதி வச்சிருக்கேன்" என்றும் சொன்னாள். ஐயா, அவள் செத்த ஏழாம் வருஷம் தோண்டும்போது விரல் எலும்புகளைப் பார்த்து எடுங்கள். உங்கள் ஆட்களுக்குக் கவனம் போதாது. அந்தத் திட்டுகிற விரல் இல்லாமல் வந்தால் நான் கையெழுத்துப் போட்டு வாங்க மாட்டேன்.