எண்ணெய் ஐயாவும் முயலின் பின்காலும்

1986ஆம் ஆண்டு டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் பனிக்காலம் முடியுமுன்பே நோய்கள் எல்லாம் முடிந்துவிட்டன. ஓல்போர்க்கிலிருந்து மரியரட்ணம் பஸ்ஸில் வந்து இறங்கியதுதான் காரணம். எங்கள் சனம் அவரை எண்ணெய் ஐயா என்றது. அவர் செபித்த எண்ணெயைத் தடவினால் முழங்கால் வலி போகும், இருமல் போகும், வதிவிட அனுமதியும் வரும். அகதி விண்ணப்பங்களைக்கூடக் கொண்டுவந்து எண்ணெய் பூசிக்கொண்டு போனார்கள். பதிலுக்கு அவர் எதுவும் கேட்கமாட்டார். கோழியும் கோப்பியும் குளிர்கோட்டும் தாமாகவே அவரிடம் நடந்து போகும். நான் கண்ட உண்மையான அற்புதம் அது ஒன்றுதான்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். பின்னால் இருபது பேர். வந்தவரை வாசலில் நிறுத்தி அனுப்புவது எங்கள் குடும்ப வழக்கமில்லை.

நோயாளி, என் மருமகள் யசிந்தா வளர்க்கும் முயல், மொப்பி. ஒரு கிழமையாக அதன் பின்கால்கள் இரண்டும் இழுபட்டன. முதுகில் நரம்பு அடிபட்டிருக்கிறது என்றார் மிருக வைத்தியர். எப்படி அடிபட்டது என்று அவர் கேட்டபோது நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

யசிந்தா முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள். படுக்கையில் கிடப்பவர்களைப் பார்ப்பதுபோலவே முயலையும் பார்த்தாள். துவாய் விரித்துக் கிடத்துவாள், பக்கம் மாற்றுவாள், மூத்திர ஈரத்தைக் கழுவித் துடைப்பாள், நேரத்துக்கு மருந்து கொடுப்பாள்.

ஐயா முயலைக் கழுத்துவரை ஒரு வெள்ளைத் துணியால் மூடினார். ஒரு கையால் அதன் தலையில் எண்ணெய் தடவினார். மற்றக் கை துணிக்குள் இருந்தது. பக்தி உள்ளவர்கள் துணிக்குள் பார்க்கமாட்டார்கள். திடீரென்று ஒரு பின்கால் விசுக்கென்று இழுத்தது.

"ஆண்டவரே! கால் அசையுது!" அருமைநாயகி அழுதேவிட்டாள். எங்கள் மாடிக் குடியிருப்பில் எந்த அற்புதத்துக்கும் முதலில் அழுபவள் அவள்தான்.

"ஒன்பது நாளைக்குக் கழுவப்படாது. மருந்தும் குடுக்கப்படாது. எண்ணெய் மட்டும்," என்றார் ஐயா.

"ஒன்பது நாள் மூத்திரத்திலை கிடந்தால் தோல் புண்ணாகிச் செத்துப்போடும், ஐயா," என்றாள் யசிந்தா.

ஐயாவின் முகம் சுருங்கியது. "செத்தால் எண்ணெயிலை பிழையில்லை. இந்த வீட்டிலை ஒரு ஒளிச்ச பாவம் கிடக்கு. வீட்டுப் பொம்பிளை ஆண்டவருக்கு நேர்த்தி வைச்சிட்டுச் செய்யாமல் விட்டிருக்கிறா."

இருபது தலைகள் யசிந்தாவின் பக்கம் திரும்பின. அவள் அசரவில்லை. துணியை உருவி எடுத்தாள்.

"சரி ஐயா. ரெண்டு கையையும் தலையிலை வைச்சுச் செபியுங்கோ."

செபித்தார். நீளமாகவே செபித்தார். கால் கிடந்தபடியே கிடந்தது.

"அருமையக்கா, இஞ்சை வாங்கோ. இந்தப் பின்கால் விரலை மெல்லக் கிள்ளுங்கோ."

கிள்ளினாள். கால் விசுக்கென்று இழுத்தது.

"ஐயோ பிள்ளை! நான் எண்ணெயைத் தொடவேயில்லை!"

"அப்ப வரம் உங்களுக்கு வந்திட்டுது, அக்கா. கிள்ளினால் கால் தன்பாட்டிலை இழுக்கும். மூளைக்குச் சேதி போகத் தேவையில்லை. அதை வைச்சு நடக்குமெண்டு சொல்லேலாது. வைத்தியர் முதல் நாளே கிள்ளிக் காட்டினவர்."

"விசுவாசமில்லாத வீடு," என்று ஐயா கோட்டைத் தேடினார்.

"அப்ப அந்தப் பாவம்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அதுதான் நம் சனம். எண்ணெயை விட்டாலும் பாவத்தை விட மனம் வராது.

நான் எழுந்து நின்றேன். எங்கள் குடும்பத்தில் யாரும் நாலுபேர் முன்னால் தலைகுனிந்ததில்லை. ஆனால் மருமகள் பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டவரும் இல்லை.

"ஒளிச்சது நான்தான். பின்பக்கத்தைத் தாங்காமல் காதிலை பிடிச்சுத் தூக்கினனான். அது உதறினதிலை முதுகு போச்சுது. நேர்த்தியுமில்லை, சாபமுமில்லை."

"எனக்குத் தெரியும், மாமா," என்றாள் யசிந்தா. "துவாயை மாத்தவேணும். கொஞ்சம் பிடியுங்கோ. பின்பக்கத்தையும் சேர்த்து."

கோடையில் மொப்பி ஒரு காலை மட்டும் இழுத்து இழுத்துத் திரிந்தது. அருமைநாயகியின் அகதி விண்ணப்பமும் திரும்பி வந்தது: எண்ணெய் ஊறி எழுத்துத் தெரியவில்லை, புதிதாக நிரப்பி அனுப்பவும்.

மூளைக்குச் சேதி போகாமலே, கிள்ளியவுடன் முயலின் கால் தன்னை இழுத்துக்கொள்கிறது. மூளையும் உள்ள நாம் அதைக்கொண்டு யோசிக்க இன்னும் எத்தனை ஐயாமார் நம்மைக் கிள்ள வேண்டும்?