மாதம் பதினெட்டு வெள்ளி

சுகுமாறனின் கம்பெனிக் கணக்கில் மறுபடியும் பதினெட்டு வெள்ளி குறைந்திருந்தது. நேற்று ஆயிரத்து இருநூற்று அறுபத்திரண்டு. இன்று, மூன்றாம் தேதி, ஆயிரத்து இருநூற்று நாற்பத்து நான்கு.

கம்பெனி என்றால் சுகுமாறன், ஒரு புல்வெட்டும் மெசின், ஒரு மோட்டார் சைக்கிள். போர்டிக்சன் போகிற வழியில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் புல் வெட்டும் கான்ட்ராக்ட். கம்பெனிக் கணக்கு இருந்தால்தான் பணம் போடுவோம் என்று தோட்டத்து ஆபீசில் சொன்னதால், சிரம்பானில் ஒரு பேங்கில் கணக்குத் திறந்திருந்தார். வருகிற பணம் வாடகைக்கும் மோட்டார் தவணைக்கும் வந்த வழியே போய்விடும். மிச்சம் பிடித்தது இவ்வளவுதான்.

போன வாரம் மெசின் மண்டையைப் போட்டது. அடுத்த மாதம் ஐந்தாம் தேதிக்குள் புது மெசின் வராவிட்டால் கான்ட்ராக்ட் வேறு ஆளுக்கு என்று மேனேஜர் சொல்லிவிட்டார். சிரம்பானில் தெமியாங் பக்கத்து மெசின் கடையில் விலை ஆயிரத்து இருநூற்று ஐம்பது. ஆக, ஆறு வெள்ளி துண்டு விழுந்தது.

கையிலிருந்து ஆறு வெள்ளியைப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கச் சொன்னாள் மனைவி புனிதா. நல்ல யோசனைதான். அதனாலேயே சுகுமாறனுக்குப் பிடிக்கவில்லை.

"எங்கப்பாவுக்குத் தோட்டத்துல கணக்கெழுதுன கிராணி சம்பளத்துல வெட்டுனான். எனக்கு பேங்க் வெட்டுது. அவரு சும்மா இருந்தாரு. நான் விட மாட்டேன்லா."

பேங்க் கவுன்டரில் நூருல் என்ற தமிழ் பேசும் பெண் இருந்தாள். என்ன வெட்டு என்று தெரிய வேண்டுமானால் பழைய கணக்கை அச்சடித்துப் பார்க்க வேண்டும் என்றாள். சுகுமாறன் அடிக்கச் சொன்னார். அதற்குப் பத்து வெள்ளி என்பதை அடித்த பிறகுதான் சொன்னாள். கணக்கில் ஆயிரத்து இருநூற்று முப்பத்து நான்கு.

ஏழு மாதமாக, ஒவ்வொரு மூன்றாம் தேதியும், 'எம்.எஸ்.எஸ். 18' என்று இருந்தது.

"அங்கிள், இது எங்க சார்ஜ் மாதிரி தெரியல. யாருக்குப் போகுதுன்னு கோலாலம்பூர்ல கேக்கலாம். ஆனா விசாரிக்க இருபத்தஞ்சு வெள்ளி."

திருடனையே கூலி கொடுத்துக் கூப்பிட்டு விசாரிக்கச் சொல்வதா? சுகுமாறன் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். வீட்டில் புனிதாவுக்கு விளக்கம் சொன்னார்.

"எம்முன்னா மாசாமாசம். எஸ்ஸுன்னா சர்வீஸ். இன்னொரு எஸ், சுருட்டுறது."

மறுவாரம் உண்டியலை உடைத்து இருபது வெள்ளிச் சில்லறையைக் கவுன்டரில் கொட்டினார். சில்லறை எண்ணுவதற்கு ஐந்து வெள்ளி பிடித்துக்கொண்டார்கள். ஆயிரத்து இருநூற்று நாற்பத்து ஒன்பது. ஒரே ஒரு வெள்ளி குறைச்சல். அவருக்கு அழுகை வரும்போல் இருந்தது. கவுன்டரில் அழுதால் அதற்கும் ஏதாவது பிடிப்பார்கள் என்று அடக்கிக்கொண்டார்.

அடுத்த மூன்றாம் தேதி மறுபடி பதினெட்டு போனால் மெசினும் இல்லை, கான்ட்ராக்டும் இல்லை. வெட்டை நிறுத்த என்ன வழி என்று கேட்டார். நூருல் ஒரு பாரத்தை நீட்டினாள். தற்காலிகமாகவா, நிரந்தரமாகவா என்று அதில் இரண்டு கட்டங்கள் இருந்தன. சுகுமாறன் நிரந்தரத்தில் பேனா முனை ஒடியும் அளவுக்கு அழுத்தி டிக் அடித்தார். பாரத்துக்குப் பத்து வெள்ளி.

கடைசியில் புனிதாதான் தன் கூட்டுச் சீட்டுப் பணத்தில் பதினொரு வெள்ளி எடுத்துக் கொடுத்தாள். சரியாக ஆயிரத்து இருநூற்று ஐம்பது ஆயிற்று. எண்ணிக் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம் என்று சுகுமாறனுக்குத் தோன்றியது.

மூன்றாம் தேதி விடிந்தது. பதினெட்டு வெள்ளி வெட்டவில்லை. பிறந்ததிலிருந்து எந்த ஆபீசையும் ஜெயித்திராத சுகுமாறன், போனைப் பத்துத் தடவை திறந்து பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

நாலாம் தேதி மத்தியானம் புது மெசின் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. ஒரு நாள் முன்கூட்டியே. சந்தனம், குங்குமம் வைத்து, மல்லிகை மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வெட்டினார். அக்கம்பக்கத்தில் நாலைந்து பேர் கூடியிருந்தார்கள்.

அப்போது ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது. மேலே மடக்கு நாற்காலிகள், பின்னால் கூடாரத் துணி. இறங்கியவர் வெள்ளைச் சட்டைக்காரர், ஊருக்குப் புதியவர். கூட்டத்தையும் மாலையையும் பார்த்துச் செருப்பைக் கழற்றினார். நேராகச் சுகுமாறனிடம் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க சுகுமாறனுக்கு என்ன வேணும்?"

சுகுமாறன் தலையைக் குனிந்து, அவர் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தார். வந்தவர் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"எம்.எஸ்.எஸ்ஸுலருந்து வர்றோம், மரண சகாய சங்கம். தோட்டத்துத் தீபாவளி விருந்துல, சாப்பாட்டுக்கு முன்னால நாங்க நீட்டுன பாரத்துல மொத ஆளா கையெழுத்துப் போட்டவரு. பதினெட்டு வெள்ளிச் சந்தா ஒரு மாசம் தவறல. நேத்து வரலைன்னு பேங்குல கேட்டா, நிரந்தரமா நின்னுருச்சுன்னாங்க, அப்பவே புரிஞ்சுபோச்சு. தோட்டத்து மேனேஜருக்கும் சொல்லிட்டோம், பாவம், உடனே கான்ட்ராக்டுக்கு வேற ஆளப் போட்டுட்டு மலர்வளையத்துக்குக் காசு குடுத்தாரு. எத்தனை மணிக்கு எடுக்கிறீங்க?"